சீட்டில் ஒரோதெஸ், காசில் பறவை: இந்தப் பார்த்திய டிராக்மா யாருடையது?

பொங்கோல்_கயல் | சனி, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். பழங்காசு சேர்ப்பவர்கள் இங்கே இருந்தால் உதவி வேண்டும்.

நான் இதுவரை சேர்த்ததெல்லாம் நம் சிங்கப்பூர்க் காசுதான். கடல்குதிரை போட்ட பத்துக் காசு, சிங்கமீன் போட்ட ஐம்பது காசு, அப்பா விட்டுப்போன சில மலாயாக் காசுகள். போன மாதம் ஒரு காசுச் சந்தையில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு மேசையில் சின்ன வெள்ளிக் காசு ஒன்று கண்ணில் பட்டது. விலை 140 வெள்ளி (டாலர்). அவ்வளவு செலவழித்து நான் ஒரு காசு வாங்கியதே இல்லை. ஆனால் கையில் எடுத்த பிறகு திருப்பி வைக்க மனம் வரவில்லை.

முன்பக்கம் இடப்புறம் பார்க்கும் ஒரு மன்னர் தலை. குறுந்தாடி, அலை அலையாய் முடி, அதைச் சுற்றி ஒரு பட்டை. தலைக்குப் பின்னால் ஒரு பறவை, வாயில் வளையம் போல எதையோ கவ்வியிருக்கிறது. பின்பக்கம் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கையில் வில்லை நீட்டிப் பிடித்திருக்கிறார். அவரைச் சுற்றிச் சதுரமாக எழுத்துகள். கூட வந்த சீட்டில் ‘பார்த்தியா, இரண்டாம் ஒரோதெஸ், டிராக்மா’ என்று எழுதியிருந்தது. பார்த்தியா பழைய ஈரானை ஆண்ட அரசு, டிராக்மா அதன் வெள்ளிக் காசு என்று தேடித் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து கிரேக்க நெடுங்கணக்கை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். நான்கைந்து எழுத்துதான் பொருந்துகிறது. மற்றதெல்லாம் குச்சி குச்சியாக, அர்த்தமில்லாத கோடுகள். கிரேக்கம் தெரியாத யாரோ செய்த போலி என்று அப்போதுதான் பயம் வந்தது.

அடுத்து நடந்ததுதான் பெரிய வருத்தம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் காசு பளபளவென்று சாமி மாடத்தில் இருக்கிறது. வெள்ளிக் குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம் எல்லாவற்றையும் விபூதி போட்டுத் தேய்க்கும்போது அம்மா இதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். “கறுத்துப்போய்க் கிடந்தது, உனக்காகத்தான் தேய்த்தேன்” என்றார். அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? நன்றாக இருக்கிறது அம்மா என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதேன்.

நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், நல்ல தராசு உண்டு. எடை 3.74 கிராம். குறுக்களவு 19 மில்லிமீட்டர்.

காசு உண்மையானதா? எழுத்து ஏன் இப்படி இருக்கிறது? தேய்த்ததைச் சரிசெய்ய வழி உண்டா? உண்மை என்றால் இன்னும் இரண்டு மூன்று வாங்க ஆசை. டிசம்பரில் சென்னை போகிறேன், அங்கே கிடைக்குமா?

---

கடல்குதிரை67 | சனி, இரவு 11:20

எடை நன்றாகவே பொருந்துகிறது. அந்தக் காலத்து டிராக்மா பெரும்பாலும் 4 கிராமுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். இனி விளிம்பைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பு ஒன்று வாங்கிக்கொண்டு காசைச் சுற்றிலும் மெதுவாகத் திருப்புங்கள். வார்ப்பில் ஊற்றிய போலி என்றால் விளிம்பின் நடுவே ஒரு கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். மேற்பரப்பில் ஊசி குத்தியது போலக் குமிழிக் குழிகளும் தெரியும். சுத்தியலால் அடித்த காசின் விளிம்பில் சிறு வெடிப்புகள் இருக்கலாம், அது நல்லதுதான். எங்காவது வெள்ளி உரிந்து உள்ளே செம்பு தெரிகிறதா என்றும் பாருங்கள். செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக்காசு அந்தக் காலத்திலேயே உண்டு.

சென்னை விஷயம் மிக முக்கியம். அங்கே வாங்கி இங்கே கொண்டுவர வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். தனியாள் அதை நாட்டை விட்டு எடுத்துச் செல்ல முடியாது. உங்களிடம் இருக்கும் காசையும் சொந்தக்காரர்களிடம் காட்டலாம் என்று அங்கே எடுத்துப் போகாதீர்கள். திரும்பும்போது விமான நிலையத்தில் விளக்கம் சொல்லி மாளாது.

---

ஈய_எழுத்து | ஞாயிறு, காலை 6:15

கயல், எழுத்தை வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் குச்சி குச்சியாக என்று எழுதியதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் இந்தக் காசுகளைச் சேர்ப்பதே அந்தக் குச்சிகளுக்காகத்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1973 முதல் நான் கம்பாசிட்டர். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, தீமிதி நோட்டீஸ், கருமாதி அட்டை, சங்கத்து ஆண்டு மலர், எல்லாம் ஈய எழுத்தில் கோப்போம். எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும். கண்ணாடியில் தெரிவது போலவே வாசித்து வாசித்துக் கண் அதற்குப் பழகிவிடும். காசு அடிக்கும் அச்சும் அப்படித்தான். உருவத்தையும் எழுத்தையும் இடவலம் மாற்றிக் குழிவாக வெட்டவேண்டும், அப்போதுதான் வெள்ளியில் நேராக விழும். மொழி தெரிந்தவனுக்கே கஷ்டமான வேலை. தெரியாதவன் கதி?

அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேறோர் அச்சுக்கூடத்தில் நான்கு மொழி அறிவிப்பு ஒன்றுக்குத் தமிழ் வரியும் தேவைப்பட்டது. அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. நாங்கள் அனுப்பிய தாளைப் பார்த்து ஒருவர் வடிவத்தைக் கையால் வரைந்து தகடு செய்தார். நல்ல கைக்காரர், சீன எழுத்தை அற்புதமாக வெட்டுவார். ஆனால் தமிழ் வரி வந்தபோது ணகரத்தில் ஒரு சுழி குறைந்திருந்தது. கொம்பு தன் எழுத்தை விட்டு முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொண்டது. புள்ளிகள் பாதி காணவில்லை. அவர் அலட்சியமாகச் செய்யவில்லை. எது எழுத்தின் உயிர், எது வெறும் அலங்காரம் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இன்றும் தமிழ் அறிவிப்புப் பலகைகளில் அதே தவறு வரும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது.

1998இல் முதல் பார்த்தியக் காசை வாங்கி லூப்பில் பார்த்ததும் அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. வட்ட எழுத்து சதுரமாகியிருந்தது. குறுக்குக் கோடு விழுந்திருந்தது. ஒரே எழுத்து ஒரு வரியில் மூன்று விதமாக இருந்தது. அச்சு வெட்டியவனுக்குக் கிரேக்கம் தெரியாது. முந்தைய அச்சைப் பார்த்து வெட்டினான், அதையும் அப்படியொருவன்தான் வெட்டியிருந்தான்.

எழுத்தை அடையாளம் காண முயலாதீர்கள், இடத்தை அடையாளம் காணுங்கள். உங்கள் காசில் சொல்ல வந்தது இதுதான். மேலே இரண்டு வரி, ‘பசிலெயோஸ் பசிலெயோன்’, அதாவது மன்னர் மன்னனுடைய. வலப்புறம் ‘அர்சகு’, ‘எவெர்கெது’: அர்சகனுடைய, நன்மை செய்பவனுடைய. கீழே ‘திகையு’: நீதிமானுடைய. இடப்புறம் ‘எபிபனூஸ்’, ‘பிலெல்லேனோஸ்’: கண்முன் தோன்றிய தெய்வத்தின், கிரேக்கர் நண்பனின். நம் மெய்க்கீர்த்தி போலத்தான். எந்தெந்த இடத்தில் எந்தச் சொல் என்று தெரிந்துகொண்டு பார்த்தால், குச்சிகளுக்குள்ளிருந்து ஓரிரண்டு எழுத்து எழுந்து வரும்.

இதில் மன்னனின் சொந்தப் பெயர் எங்கே என்று கேட்பீர்கள். இல்லை. ஏறத்தாழ கி.மு. 247இல் அர்சகன் என்பவன் இந்த அரசைத் தொடங்கினான். அவனுக்குப் பின் வந்தவர்கள் அநேகமாக எல்லாரும் காசில் அர்சகன் என்றே போட்டுக்கொண்டார்கள். சோழர் கல்வெட்டு படிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. ஒருவர் இராசகேசரி, அடுத்தவர் பரகேசரி, மறுபடி இராசகேசரி. வெறும் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் எந்த மன்னர் என்று எழுத்தமைதியையும் மற்றச் செய்திகளையும் பார்த்துத்தான் சொல்லவேண்டும். இங்கே முகம், தாடி, முடி, மகுடம், பக்கத்தில் இருக்கும் சின்னம், வில்லுக்குக் கீழே அக்கசாலையை, அதாவது காசு அடித்த இடத்தைக் காட்டும் கூட்டெழுத்து, இவற்றை வைத்துச் சொல்கிறோம். அப்படி வகை பிரித்து எண் கொடுத்தவர் டேவிட் செல்வுட். 1971இல் வந்த அவர் நூலின் எண்ணைத்தான் உலகம் முழுக்க விற்பவரும் வாங்குபவரும் சொல்வார்கள்.

உங்கள் காசுக்கு வருகிறேன். தலைக்குப் பின்னால் வளையத்தோடு பறவை என்றால் அது கழுகு, மாலை கொண்டுவந்து சூட்டுகிறது. அது ஒரோதெஸ் அல்ல. அவர் மகன் நான்காம் பிராதெஸ், கி.மு. 38 முதல் கி.மு. 2 வரை ஆண்டவர். செல்வுட் எண் 52க்கும் 54க்கும் இடையில் தேடுங்கள். முகத்துக்கு முன்னால் விண்மீன், பிறை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் இன்னும் நெருங்கலாம். சீட்டு எழுதியவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். தகப்பன் காசும் மகன் காசும் அவ்வளவு ஒத்திருக்கும்.

இந்தத் தகப்பனும் மகனும் யார் என்று தெரிந்தால் அந்தச் சீட்டை நீங்கள் சும்மா வைத்திருக்க மாட்டீர்கள். ஒரோதெஸ் காலத்தில்தான், கி.மு. 53இல், ரோமின் பெரும் செல்வந்தர் கிராசஸ் படையோடு வந்து கர்ஹே என்ற இடத்தில் அழிந்தார். இன்றைய துருக்கியின் ஹர்ரான். பார்த்தியத் தளபதி சூரேனாவிடம் இருந்தவர்கள் சுமார் 10,000 குதிரைவீரர்கள். அம்பு தீரத் தீர ஒட்டகத்தில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரோமர் பக்கம் 20,000 பேர் இறந்தார்கள், 10,000 பேர் சிறைப்பட்டார்கள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். உங்கள் காசின் பின்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வெறும் அலங்காரம் இல்லை. அந்த வில்தான் அந்த அரசு.

அந்தப் போர்ச் செய்தி வந்தபோது ஒரோதெஸ் ஆர்மீனிய மன்னர் அவையில் கிரேக்க நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் அதே புளூட்டார்க் சொல்கிறார். யூரிப்பிடீஸ் எழுதிய நாடகம். நடிகன் ஒருவன் கிராசஸின் வெட்டுண்ட தலையைக் கையில் ஏந்தி அந்த நாடகத்தின் வரிகளைப் பாடினானாம். கொடூரத்தை விட்டுவிடுங்கள். நான் கவனிப்பது வேறு. அந்த அவையில் கிரேக்கம் புரிந்தது. பாட்டின் பொருள் தெரிந்துதான் கைதட்டியிருக்கிறார்கள். ஆனால் அரண்மனையில் ரசித்த மொழி அக்கசாலையில் வெட்டியவன் வீட்டில் பேசப்படவில்லை. ஒரோதெஸ் காசில் ஓரளவு படிக்க முடிகிற எழுத்து, மகன் காசில் தள்ளாடுகிறது, இன்னும் நூறு வருடத்தில் வெறும் கோடும் புள்ளியும். கி.பி. 51இல் பட்டமேறிய முதலாம் வொலகசெஸ் காசில் தலைக்குப் பின்னால் இரண்டே எழுத்து புதிதாய் முளைக்கிறது. பார்த்திய எழுத்து, அவர் பெயரின் முதல் ஒலிகள். அடுத்த நூற்றாண்டில் மித்ரதாதன் என்ற மன்னரின் காசில் மேல்வரி முழுவதும் பார்த்தியத்தில் வந்துவிடுகிறது. அவரவர் பெயர் அவரவர் மொழியில். சுற்றிலும் மட்டும் அந்தக் கிரேக்கக் குச்சிகளை விடாமல் வெட்டுகிறார்கள், இருநூறு ஆண்டாக யாரும் வாசிக்காமலே.

அதே நேரம் டைகிரிஸ் கரையில் செலூகியா என்ற கிரேக்க நகரத்தில் அடித்த பெரிய காசில், நான்கு டிராக்மா காசில், எழுத்து நெடுங்காலம் தெளிவாகவே இருந்தது. ஆண்டும் மாதமும்கூடக் கிரேக்கத்தில் போட்டிருக்கும். ஏன் என்றால் அங்கே அதைப் பேசும் மக்கள் இருந்தார்கள். வெள்ளிதான் குறைந்துகொண்டே போனது. டிராக்மாவில் வெள்ளி நிலைத்தது, எழுத்து போயிற்று. பெரிய காசில் எழுத்து நின்றது, வெள்ளி போயிற்று. இரண்டையும் அருகருகே வைத்து எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் பர்சிலிருந்து நம்மூர்க் காசு ஒன்றை எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூர் என்று தமிழிலும் இருக்கும். புள்ளி உட்பட எல்லாம் சரியாக இருக்கும். நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பேன்.

விபூதி பற்றி: நடந்தது நடந்துவிட்டது, சரிசெய்யவென்று எதுவும் செய்யாதீர்கள். மென்கீறல்கள் இருக்கும், பழைய நிறம் திரும்ப சில ஆண்டுகள் ஆகும். ஆனால் திரும்பும். நம்மூர் ஈரக்காற்றும் அதில் கொஞ்சம் உதவும். பளபளப்பைப் போக்க மருந்து, முட்டை மஞ்சள் கரு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிடுங்கள், இது கறுத்திருந்தால்தான் அழகு என்று.

---

காஞ்சித்தறி | ஞாயிறு, காலை 9:03

ஐயா அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சந்தேகம். இந்தப் பார்த்தியர்தான் ‘பஹ்லவர்’, அவர்களே தெற்கே வந்து பல்லவர் ஆனார்கள் என்று என் தமிழாசிரியர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் காஞ்சிபுரத்துக்கும் இந்தக் காசுக்கும் சம்பந்தம் உண்டுதானே? எங்கள் பூர்வீகம் காஞ்சி, அதனால் ஆர்வம்.

---

ஈய_எழுத்து | ஞாயிறு, காலை 9:40

ஒலி ஒற்றுமையை வைத்துப் பழைய ஆய்வாளர் சிலர் அப்படி எழுதினார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. பல்லவர் தங்கள் செப்பேடுகளில் பாரத்துவாச கோத்திரம் என்றுதான் சொல்கிறார்கள், மேற்கிலிருந்து வந்ததாக ஒரு சொல்கூட இல்லை. அவர்கள் காசில் காளை இருக்கிறது, உட்கார்ந்த வில்லாளி இல்லை. ஒரு குலம் இடம் பெயர்ந்தால் காசில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும் என்பது என் அனுபவம்.

பஹ்லவர் இந்தியாவுக்கு வந்தது மட்டும் உண்மை. குஜராத்தில் ஜூனாகட் பாறையில் ருத்ரதாமன் என்ற மன்னர் வெட்டிய கல்வெட்டில், ஏறத்தாழ கி.பி. 150, சுதர்சன ஏரியின் உடைந்த கரையைக் கட்டிக்கொடுத்த அதிகாரி சுவிசாகன் ஒரு பஹ்லவன் என்று தெளிவாக இருக்கிறது. லஞ்சம் வாங்காதவன், நிமிர்ந்து நின்றவன் என்று புகழ்கிறது. காஞ்சிக்கு இழுத்து வராமலே அவனை நினைத்துப் பெருமைப்படலாம்.

---

ஓஃபிர்_ரோடு | ஞாயிறு, மதியம் 1:15

பூசை முடிந்து இப்போதுதான் படித்தேன். நாங்கள் லூர்து மாதா கோயில் பங்கு. என் பாட்டி பரங்கிமலை பக்கத்திலிருந்து வந்தவர், தோமையார் கதை சொல்லித்தான் எங்களை வளர்த்தார். அதில் ‘கொந்தபோர் ராசா’ என்று ஒருவர் வருவார். அரண்மனை கட்டச் சொல்லித் தோமையாரிடம் பணம் கொடுப்பார், அவர் அதையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உனக்கு விண்ணுலகில் அரண்மனை கட்டியாயிற்று என்பார். வெறும் கதை ராசா என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு தெரிந்தது, அவர் கொண்டோபாரெஸ், இந்தோ-பார்த்திய மன்னர். 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் அவர் காசுகள் கிடைக்கும்வரை, பழைய சீரியக் கதைக்கு வெளியே அவரைப் பற்றி அநேகமாக யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் கரோஷ்டி, அந்தக் காலத்து வடமேற்கு இந்திய எழுத்து. இன்றைய பாகிஸ்தானின் தக்த்-இ-பாஹி கல்வெட்டிலும் அவர் பெயர் இருக்கிறது. தோமையார் உண்மையிலேயே அவரைச் சந்தித்தாரா என்று காசு சொல்லாது. ஆனால் பாட்டி சொன்ன பெயரில் ஒரு ராசா இருந்தார் என்று சொல்லிவிட்டது. அவர் காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. வெள்ளி மிகக் குறைவு, செம்பு போலத்தான் இருக்கும். பாட்டியின் செபமாலைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கயல், அடுத்து வாங்க ஆசைப்பட்டால் இவரையும் யோசித்துப் பாருங்கள்.

---

பொங்கோல்_கயல் | புதன், இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

லூப்பு வாங்கிவிட்டேன். விளிம்பில் கோடு இல்லை. ஒரு இடத்தில் சின்ன வெடிப்பு, செம்பு எங்கும் தெரியவில்லை. ஐயா சொன்னபடி இடம் பார்த்து வாசித்தேன். மேலே முதல் வரியில் ‘பசி’ வரைக்கும் கிடைத்தது. வலப்புறம் ‘அர்சக’ கிடைத்தது ஐயா! கிரேக்கத்தில் ஐந்து எழுத்து. ககரம் மட்டும் ஒரு கால் நீண்டிருக்கிறது. அதைப் பார்த்தபோது இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெட்டுவது எதிரே தெரிந்த மாதிரி இருந்தது. முகத்துக்கு முன்னால் விண்மீன் இருக்கிறது, அதற்குக் கீழே பிறை.

வேலையிடத்தில் ஒரு சீனத் தோழியிடம் படத்தைக் காட்டினேன். அவர் பள்ளியில் பட்டுப்பாதை பற்றிப் படித்தவர். பார்த்தியா என்றால் தெரியவில்லை, விளக்கம் சொன்னதும் “ஓ, ஆன்ஷி!” என்றார். அதுவும் அர்சகன் என்ற பெயரிலிருந்து வந்ததா?

அப்புறம் ஒன்று. ஒரோதெஸ் பற்றிச் சொன்னீர்கள், மகன் பற்றிச் சொல்லவில்லையே. அந்தச் சீட்டைச் சும்மா வைத்திருக்க மாட்டேன் என்றீர்கள், ஏன்?

---

ஈய_எழுத்து | வியாழன், காலை 5:50

விண்மீனும் பிறையும் இருந்தால் 54 வகை. வில்லுக்குக் கீழே இருக்கும் கூட்டெழுத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த ஊர் அக்கசாலை என்று பார்க்கலாம். எக்பதானா என்றால் இன்றைய ஈரானின் ஹமதான்.

ஆன்ஷி, அதே அர்சகன்தான். சிமா சியென் என்ற ஹான் காலத்துச் சீன வரலாற்றாசிரியர் அந்த நாட்டைப் பற்றி எழுதும்போது காசைத்தான் குறிப்பாகச் சொல்கிறார். வெள்ளிக் காசு, அதில் மன்னர் முகம் இருக்கும், மன்னர் இறந்தால் உடனே புது மன்னர் முகத்தோடு காசை மாற்றிவிடுவார்கள் என்று. சீனாவிலிருந்து போனவர்களுக்கு அது விநோதமாக இருந்திருக்கும். அவர்கள் காசில் முகமே கிடையாது, நடுவில் ஓட்டைதான். உங்கள் தோழியிடம் இதைச் சொல்லுங்கள், மகிழ்வார்.

மகன் கதையைக் காலையில் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். ஒரோதெஸ் முதுமையில் உடலில் நீர் கோத்து வீங்கும் நோயால் படுத்திருந்தார். மகன் பிராதெஸ் விஷம் கொடுத்தான். அந்த விஷம் நோயோடு சேர்ந்து வெளியேறி, கிழவர் தேறத் தொடங்கினார். பிறகு மகன் கழுத்தை நெரித்தே கொன்றான். இதுவும் புளூட்டார்க் சொல்வதுதான். சகோதரர்களையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே உங்கள் சீட்டில் இருப்பது கொலையுண்ட தகப்பன் பெயர், காசில் இருப்பது கொன்றவன் முகம்.

அவன் முடிவும் அப்படித்தான். கர்ஹேயில் பிடித்த ரோமக் கொடிகளைக் கி.மு. 20இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸிடம் திருப்பிக் கொடுத்து நட்பானான். அகஸ்டஸ் அனுப்பிய பரிசுகளில் மூசா என்ற இத்தாலிய அடிமைப் பெண்ணும் ஒருத்தி. அவளை அரசியாக்கினான். அவள் தன் மகனுக்கு அரியணை வேண்டும் என்று இவனுக்கு விஷம் வைத்தாள் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். அந்த மகன் அடித்த காசில்தான் வில்லாளி எழுந்து போய்விடுகிறார். அவர் இடத்தில் மூசாவின் முகம், மூன்றடுக்கு மகுடத்தோடு. சுற்றிலும் ‘விண்ணுலகத் தேவி மூசா அரசியினுடையது’ என்று கிரேக்கத்தில். இத்தனை அரசர்களில் இப்படித் தன் பெயரோடும் முகத்தோடும் காசில் வந்த அரசி அவள் ஒருத்திதான். என்னிடம் இல்லை, விலை எட்டவில்லை. ஒரு ஏலப் பட்டியலில் வந்த படத்தை வெட்டி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இது தமிழ்நாட்டுக்கான செய்தி. அந்த மகனைக் கி.பி. 1ஐ ஒட்டி யூப்ரடீஸ் ஆற்றின் நடுத்தீவில் சந்தித்துச் சமாதானம் பேசியவர் அகஸ்டஸின் பேரன் கையஸ். கையஸும் அவர் தம்பி லூசியஸும் கேடயத்தோடு நிற்கும் ரோம வெள்ளிக் காசு கொங்குநாட்டுப் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. மிளகுக்கும் பச்சைக்கல்லுக்கும் வந்த காசு. உங்கள் காசில் இருப்பவரின் மகன் எதிரே உட்கார்ந்து பேசிய ஆள், நம் கோயம்புத்தூர்ப் பக்கத்து மண்ணுக்குள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். இதைப் படித்த அன்று நான் அச்சகத்திலிருந்து வீடுவரை நடந்தே போனேன்.

---

கடல்குதிரை67 | வியாழன், மதியம் 12:30

ஐயா எழுதியதற்குப் பிறகு நான் சேர்க்க ஒன்றுமில்லை, பாதுகாப்பு மட்டும். மெல்லிய பிளாஸ்டிக் உறை வேண்டாம். வளைக்கும்போது வாசம் வரும் பிவிசி உறை நம்மூர் வெக்கையில் கசிந்து காசில் பச்சையாய் ஒட்டும். நான் அப்படி மூன்று காசைக் கெடுத்திருக்கிறேன். தாள் உறை, டப்பாவில் சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை அதை மாற்றுங்கள். கேமரா வைக்கும் உலர்பெட்டி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் விலையோடு 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

பொங்கோல்_கயல் | வெள்ளி, இரவு 8:55

இன்று அம்மாவுக்கு லூப்பைக் கொடுத்து ‘அர்சக’ காட்டினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டியதும் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார், “இதையா தேய்த்தேன்?” ரொம்ப நேரம் பேசவே இல்லை. நிறம் திரும்பும் என்று ஐயா சொன்னதைச் சொன்னேன். உலர்பெட்டிக்கு யோசிக்க வேண்டாம், நான் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

புதுச் சீட்டு எழுதப் போகிறேன், தமிழில். பழைய சீட்டைத் தூக்கிப் போடவில்லை, அடியில் வைத்துவிடுகிறேன். மன்னர் பெயரை ‘பிராதெஸ்’ என்றே எழுதட்டுமா, ஃ போட்டு ‘ஃபிராதெஸ்’ என்று எழுதட்டுமா? கூட்டெழுத்துப் படம் சரியாக விழவில்லை, கை நடுங்குகிறது. நேரில் காட்ட முடியுமா?

---

ஈய_எழுத்து | வெள்ளி, இரவு 9:20

ஃ போடுங்கள். காசில் இல்லாத அவர் பெயரை நாமாவது சரியாக எழுதுவோம். ‘ஃபிராதெஸ், நான்காமவர், செல்வுட் 54, 3.74 கிராம்’ என்று போதும். அக்கசாலை பெயருக்கு ஒரு வரி காலியாக விடுங்கள்.

ஞாயிறு காலை 11 மணிக்கு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் கீழே இருப்பேன். வொலகசெஸ் மூன்று, அந்த மித்ரதாதன் ஒன்று, செலூகியாக் காசு இரண்டு கொண்டுவருகிறேன். அம்மாவையும் அழைத்து வாருங்கள்.

---

பொங்கோல்_கயல் | வெள்ளி, இரவு 9:24

வருகிறோம் ஐயா. அம்மா இப்போதே கேட்கிறார், மூசா படத்தையும் எடுத்து வருவீர்களா என்று.